மணத்தக்காளி: கீரை, பழம், வற்றல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரப்போரத்திலும் கிணற்றடியிலும் தானாக முளைக்கிற செடி மணத்தக்காளி. வாய் வெந்தால் அதன் கீரை, வயிறு எரிந்தால் தண்ணிச்சாறு, காய்ச்சல் விட்டு நாக்கு செத்துக் கிடந்தால் வற்றல் குழம்பு என்று நம் வீடுகளில் காலங்காலமாகப் புழங்கி வருகிறது. இன்று அதே செடியைப் பற்றி இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் ‘சர்வரோக நிவாரணி’ என்கிறார்கள், இன்னொரு பக்கம் ‘விஷச்செடி’ என்கிறார்கள். இரண்டையும் படித்துக் குழம்பியவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மணத்தக்காளியைச் சமைத்து உணவாகச் சாப்பிடும்வரை பயப்பட ஒன்றுமில்லை. மருந்து என்று சொல்லி அளவைக் கூட்டும்போதுதான் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் ஊரில் இந்தப் பெயரே இல்லையே, எந்தச் செடியைச் சொல்கிறீர்கள்?

மணித்தக்காளி, மிளகுதக்காளி என்றும் சொல்வார்கள். கொங்குப் பக்கம் சுக்குட்டிக்கீரை என்றால்தான் சந்தையில் எடுத்துக் கொடுப்பார்கள். சித்த, ஆயுர்வேத மருந்துக் கடைகளில் காகமாசி என்ற பெயரில் கிடைக்கும். முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை வளரும். முள் கிடையாது. சின்ன வெள்ளைப்பூ, நடுவில் மஞ்சள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய்கள் கொத்தாகத் தொங்கும். பழுத்தால் கறுப்பாகவோ கருநீலமாகவோ பளபளக்கும்.

இணையத்தில் ‘கொடிய விஷம்’ என்று போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் சாப்பிட்டது தப்பா?

தப்பில்லை. இரண்டு வேறு செடிகளைப் போட்டுக் குழப்பியதால் வந்த பயம் இது. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வளரும் பெல்லடோனா என்ற செடிதான் உண்மையில் கொடியது. அதில் அட்ரோபின் என்ற நஞ்சு இருக்கிறது, சில பழங்களே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகும். ஆங்கிலத்தில் அதன் பெயரும் மணத்தக்காளியின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோலிருப்பதால், அதற்குரிய எச்சரிக்கையை இதன் தலையிலும் எழுதிவிட்டார்கள். பெல்லடோனாவின் பூ மணி வடிவில் மங்கிய ஊதா நிறத்தில் இருக்கும். பழம் கொத்தாகக் காய்க்காது, ஒவ்வொன்றாகத் தனித்து நிற்கும். மணத்தக்காளியைவிட நன்றாகப் பெரியது. அடியில் ஐந்து பச்சை இதழ்கள் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் அது தானாக வளர்வதில்லை.

மணத்தக்காளியையும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளையும் கீரையாகச் சாப்பிடுகிறவர்கள் நாம் மட்டுமில்லை. கென்யாவில் ‘மனாகு’ என்று சொல்லி வேகவைத்துப் பால் ஊற்றிச் சமைக்கிறார்கள். கிரேக்கத்தில் ‘ஸ்டிஃப்னோ’ என்று சொல்லி அவித்து ஆலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிடுகிறார்கள். மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் இது அன்றாடக் கீரை.

அமெரிக்காவில் இதே பயத்தால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. லூதர் பர்பாங்க் என்ற புகழ்பெற்ற செடி வளர்ப்பாளர் உருவாக்கிய ஒரு கறுப்புப் பழச்செடி 1909இல் ‘வொண்டர்பெர்ரி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு விவசாயப் பத்திரிகை, இது புதுச்செடியே இல்லை, விஷக் களைச்செடி என்று எழுதத் தொடங்கியது. பிற்பாடு தாவரவியலாளர்கள் அதை மணத்தக்காளிக் கூட்டத்திலேயே தனி இனம் என்று பிரித்து வைத்தார்கள். அந்தப் பழத்தை வீட்டில் வளர்த்து ஜாம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படியானால் இதில் விஷமே கிடையாதா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. உருளைக்கிழங்கு பச்சையாக மாறினால் சாப்பிடக் கூடாது என்கிறோமே, அதற்குக் காரணமான சோலனின் வகைப் பொருட்கள் மணத்தக்காளியிலும் உண்டு. சோலனின், சோலமார்ஜின், சோலசோனின் என்று அவற்றில் பல. பூச்சிகள் தின்னாமல் இருக்கச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு இது. இளம் பச்சைக்காயில் அதிகமாக இருக்கும், காய் பழுக்கப் பழுக்கக் குறையும். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பினால்தான் செடிக்கு லாபம். அதனால் நன்றாகப் பழுத்தது இனிக்கிறது, பிஞ்சு கசக்கிறது.

அளவு மீறினால் வயிற்றுவலி, வாந்தி, பேதி, தலைவலி, மயக்கம், குழப்பம் வரும். சாப்பிட்ட உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்து வருவதும் உண்டு. இன்னொரு விஷயம், கொதிக்க வைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சோலனின் சாதாரணக் கொதிநிலையில் அழியாது. கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், அவ்வளவுதான். பாதுகாப்பு என்பது சமைப்பதில் மட்டும் இல்லை. எந்தப் பகுதி, எவ்வளவு பழுத்தது, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

இனமும் முக்கியம். மணத்தக்காளி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் ஒரு சிறு கூட்டம். குரோமோசோம் எண்ணிக்கையே 24, 48, 72 என்று மூன்று விதம். ஒவ்வொன்றின் கசப்பும் வேறு, மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறவும் செய்யும். ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பறித்துச் சாப்பிட்ட செடி நல்லது என்று நம்பலாம். வேறு நாட்டுக்குப் போன இடத்தில் அதே போன்ற ஒன்றைப் பூங்காவில் பார்த்துவிட்டுப் பறித்துச் சமைக்காதீர்கள்.

வற்றலைப் பச்சைக்காயில்தானே போடுகிறோம்? அது எப்படிச் சரி?

நல்ல கேள்வி. வற்றலுக்குப் பறிப்பது பிஞ்சு இல்லை, நன்றாக முற்றின காய். இது முதல் காரணம். இரண்டாவது அளவு. ஒரு குடும்பத்துக்கு வைக்கும் குழம்பில் ஒரு கைப்பிடி வற்றல் போனாலே அதிகம். ஒருவர் தட்டுக்கு வருவது ஒரு ஸ்பூன்.

மோரில் ஊறுவதும் வெயிலில் காய்வதும் நஞ்சை எடுத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை. அந்த மோர் திரும்பத் திரும்பக் காய்க்குள்ளேதான் போகிறது. வெயில் சூட்டில் அழிகிற பொருளும் இது இல்லை. மோரும் உப்பும் கசப்பு நாக்கில் தெரியாமல் அடக்குகின்றன, காய் கெடாமல் வைக்கின்றன. ஆக, வற்றல் நல்லது என்பதற்காகக் கிண்ணம் நிறைய வறுத்து நொறுக்குத்தீனியாகச் சாப்பிட வேண்டாம்.

பச்சைக்காயைப் புதிதாகவே புளிக்குழம்பில் போடுகிற வீடுகளும் உண்டு. அங்கேயும் முற்றின காயாகப் பாருங்கள். வாயில் வைத்ததும் கடுங்கசப்பும் தொண்டை எரிச்சலும் தெரிந்தால் துப்பிவிடுங்கள். மிச்சக் குழம்பையும் கொட்டிவிடலாம், நஷ்டமில்லை.

வேறு எந்தச் செடியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது?

பெல்லடோனாவைவிட இங்கே உண்மையான ஆபத்து ஊமத்தைக் கன்றுதான். பூவும் காயும் வருவதற்கு முன்னால், நாலைந்து இலையோடு நிற்கும் ஊமத்தையைக் கீரைக்கட்டோடு சேர்த்துப் பறித்துவிட முடியும். ஊமத்தை இலையைக் கசக்கினால் குமட்டுகிற நாற்றம் அடிக்கும். அதனால் காட்டில் பறிக்கும்போது பூவோ காயோ பிடித்த செடியை மட்டும் பறிப்பது நல்ல பழக்கம். கடையில் வாங்கிய கட்டாக இருந்தாலும் ஆய்கிறபோது வேற்று இலை கலந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் உண்ணிச்செடியைச் சொல்ல வேண்டும். அதன் பழமும் கறுப்பாகக் கொத்தாக இருக்கும். ஆனால் இலை சொரசொரப்பு, தண்டில் சிறு முள், பல நிறப் பூக்கள் ஒரே கொத்தில் இருக்கும். அதன் பச்சைக்காய் குழந்தைகளுக்கு ஆகாது. கண்டங்கத்திரி, சுண்டை இரண்டும் மணத்தக்காளியின் உறவுதான், ஆனால் அவற்றில் முள் இருக்கும். சொடக்குத் தக்காளியில் பழம் காகிதம் போன்ற உறைக்குள் ஒளிந்திருக்கும், அதைத் தவறவிட முடியாது.

சிவப்பாகப் பழுக்கும் மணத்தக்காளி இருக்கிறதே, அதைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுக்கும் அது இந்தக் கூட்டத்திலேயே இன்னொரு இனம். அதன் கீரையையும் பழத்தையும் நம் கிராமங்களில் சாப்பிட்டுத்தான் வருகிறார்கள். கறுப்புப் பழத்துக்குச் சொன்ன அதே விதி இதற்கும்: பழுத்திருக்க வேண்டும், தண்டில் முள் இருக்கக் கூடாது.

வாய்ப்புண்ணுக்கு உண்மையிலேயே கேட்குமா?

இந்தச் செடியின் பெயரெடுத்த பயன் இதுதான். காய் கபத்துக்கு, இலை வாய்வேக்காட்டுக்கு, வற்றல் நோயில் கிடந்தவர்களுக்கு என்று மூலிகைகளின் குணம் சொல்லும் பழைய குணவாகடப் பாட்டு ஒன்று மூன்றையும் பிரித்துச் சொல்கிறது. நாலைந்து இலையைக் கழுவி வாயில் போட்டு மென்று சாற்றைக் கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருப்பது கிராமத்து வழக்கம். எனக்கு அதைவிடத் தண்ணிச்சாறு பிடித்தது. காரமில்லாத, வெதுவெதுப்பான, சோற்றோடு வழுக்கிக்கொண்டு இறங்குகிற உணவு வெந்த வாய்க்கு எவ்வளவு இதம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

சாதாரண வாய்ப்புண் ஒன்று இரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் இரும்புச்சத்து, ஃபோலேட், பி12 வைட்டமின் குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். கூர்மையான பல் உரசுகிறதா என்றும் பாருங்கள். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண், வலியே இல்லாத தடிப்பு, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமல் இறுகுவது இவற்றில் எது இருந்தாலும் கீரையை நம்பி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. புகையிலை, பான்பராக், வெற்றிலை போடுகிறவர்கள் நேராகப் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போங்கள். வாய்ப் புற்றுநோய் இப்படித்தான், ‘வெறும் சூட்டுப்புண்’ என்ற பெயரில் மாதக்கணக்கில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்க முடிகிற நோய் அது.

அல்சர் இருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டு மணத்தக்காளி மட்டும் சாப்பிட்டால் போதும் என்கிறார் அத்தை. சரியா?

அத்தை சொல்வதில் பாதி சரி. கீரை எரிச்சலைத் தணிக்கும், காரமும் புளிப்பும் இல்லாத சாப்பாடாக அமையும். இலைச்சாறு கொடுத்த எலிகளுக்கு இரைப்பைப் புண் குறைந்ததாக ஆய்வகச் சோதனைகளும் வந்திருக்கின்றன. ஆனால் இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, இல்லாவிட்டால் தொடர்ந்து சாப்பிடும் வலி மாத்திரை. அந்த பாக்டீரியாவை 1982இல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை காலமெல்லாம் பத்தியம் இருந்த வயிற்றுப் புண்காரர்கள், அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வார ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிற காலம் வந்தது.

அதனால் மருந்தை முழுதாக முடியுங்கள், கீரையையும் சாப்பிடுங்கள். இரண்டும் சண்டை போடாது. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, திடீரென்று வயிறு பலகையாக இறுகி வலித்தாலோ அன்றே, அப்போதே மருத்துவமனை.

மஞ்சள் காமாலைக்கு இந்தச் சாறு கொடுப்பார்கள். கொடுக்கலாமா?

கல்லீரலோடு இந்தச் செடியைச் சேர்த்துப் பேசுவது சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பழைய வழக்கம். லிவ்.52 மாத்திரையின் கலவையிலும் காகமாசி இருக்கிறது. கல்லீரலைக் கெடுக்கும் வேதிப்பொருள் கொடுத்த எலிகளில் இதன் சாறு பாதிப்பைக் குறைத்ததாக ஆய்வுகளும் உண்டு. எலியில் தெரிந்ததை வைத்து, காமாலை வந்த மனிதருக்கு இதுவே போதும் என்று சொல்ல முடியாது.

காமாலை என்பது ஒரு நோயில்லை, பல நோய்களின் அறிகுறி. அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். அப்போது எந்த மூலிகை கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் பேர் போகும். ஹெபடைடிஸ் பி, பித்தப்பைக் கல் அடைப்பு, மதுவால் வந்த கல்லீரல் சுருக்கம், எலிக்காய்ச்சல் இவையெல்லாம் அப்படிப் போகாது. முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே அடிபட்ட கல்லீரல், நாம் ஊற்றுகிற எதையும் சுத்திகரிக்கத் திணறும். அந்த நேரத்தில் டம்ளர் கணக்கில் பச்சை இலைச்சாறு கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உளறல், அளவுக்கு மீறிய தூக்கம், ரத்தக்கசிவு தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் காமாலைக்கு எந்த மூலிகைச் சாறும் வேண்டாம்.

தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைச் சாறு குடிக்கச் சொல்லி வீடியோ வருகிறதே?

வேண்டாம். ஒரு டம்ளர் சாற்றுக்கு எத்தனை கட்டுக் கீரை அரைக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் குழம்பிலும் கூட்டிலும் சாப்பிடுவதை ஒரே மூச்சில், சமைக்காமல் குடிப்பதாகும். பாட்டி வைத்தியத்தில்கூட இலைச்சாறு என்றால் ஒன்றிரண்டு ஸ்பூன்தான் பேச்சு. சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த கீரையாக இருந்தால் கிருமிகளும் கூடவே உள்ளே போகும். காப்ஸ்யூலாகவும் பொடியாகவும் விற்பதற்கும் இதே பதில்தான்: எந்த இனம், எந்தப் பருவத்துக் காய், எவ்வளவு செறிவு என்று தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். சித்த மருந்தாக எடுக்க விருப்பம் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. நாடி பார்த்து, வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத்தான் கொடுப்பார்கள்.

கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள் சாப்பிடலாமா?

பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியச் சாப்பாட்டில் மணத்தக்காளி வற்றல் வழக்கமாகவே உண்டு. சோற்றில் நெய் விட்டு, வறுத்த வற்றலைப் பொடித்துப் பிசைந்து கொடுப்பார்கள். அந்த அளவில் தொந்தரவில்லை. கர்ப்பிணிகள் எப்போதாவது வேகவைத்த கீரையோ, குழம்பில் நாலு வற்றலோ சாப்பிடுவதும் அப்படித்தான். பச்சைச் சாறு, பொடி, காப்ஸ்யூல், பச்சைக்காய் நான்கும் கர்ப்ப காலத்தில் கூடாது. சோலனின் வகைப் பொருட்கள் கருவை என்ன செய்யும் என்பதை விலங்குகளில் பார்த்த ஆய்வுகள் நிம்மதி தருவதாக இல்லை, அவசியமில்லாமல் ஏன் சோதித்துப் பார்க்க வேண்டும்?

குழந்தை செடியிலிருந்து பறித்துப் பழம் தின்கிறான். விடலாமா?

நன்றாகக் கறுத்து, தொட்டதும் காம்பிலிருந்து உதிர்கிற பழம் என்றால் ஒரு கைக்குள் அடங்குகிற அளவு தின்னட்டும். நம்மில் பலர் அப்படித்தான் வளர்ந்தோம். பச்சைக்காயைத் தொடக் கூடாது என்பதையும், பெரியவர்களிடம் காட்டாமல் எந்தக் கறுப்புப் பழத்தையும் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் அது உண்ணிப்பழமாக இருக்கலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு எந்தக் கீரையும் வேண்டாம்.

சர்க்கரை, பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள்?

வற்றலில் உப்பு அதிகம். ரத்தக் கொதிப்பும் இதய நோயும் உள்ளவர்கள் வறுப்பதற்கு முன் வெந்நீரில் அலசிவிட்டு, குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எந்தக் கீரையிலும் பொட்டாசியம் ஒரு பிரச்சினை. மருத்துவர் அனுமதித்த அளவு மட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள கே வைட்டமின் மருந்தின் வேலையைக் குறைக்கும். சர்க்கரைக்காரர்களுக்குக் கீரை நல்ல சாப்பாடு, ஆனால் அது இன்சுலினுக்கு மாற்று இல்லை.

தேனோடு சேர்க்கக் கூடாது என்கிறார்களே?

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவுகளைச் சொல்லும்போது காகமாசியையும் தேனையும் சேர்த்துச் சொல்கிறது. இந்தச் செடியை மருந்தாகப் போற்றியவர்களே இவ்வளவு எச்சரிக்கையாக இருந்திருக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். சேர்த்துச் சாப்பிட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாததால், விட்டுவிடுவதே நல்லது. சமைத்த கீரையை இரவெல்லாம் வெளியில் வைத்து மறுநாள் சாப்பிடாதீர்கள் என்று வீடுகளில் சொல்வதற்கும் நியாயம் உண்டு. கீரையிலுள்ள நைட்ரேட்டை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அது நல்லதில்லை, சிறு குழந்தைகளுக்கு ரொம்பவே கெடுதல்.

தண்ணிச்சாறு எப்படி வைப்பது?

கீரையை ஆய்ந்து, மூன்று தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்குங்கள். இளந்தண்டையும் சேர்க்கலாம். அரிசி கழுவின இரண்டாவது தண்ணீரை எடுத்து வையுங்கள். நல்லெண்ணெயில் சீரகம், ஒரு காய்ந்த மிளகாய் தாளித்து, உரித்த சின்ன வெங்காயமும் நாலைந்து பல் பூண்டும் போட்டு வதக்குங்கள். கீரையைப் போட்டு அது சுருண்டதும் அரிசித் தண்ணீரை ஊற்றி, மூடாமல் வேகவிடுங்கள். கீரை வெந்ததும் உப்பு. கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். வாய்ப்புண்ணுக்காக வைக்கிறீர்கள் என்றால் மிளகாயை விட்டுவிடுங்கள். புளி சேர்க்கவே கூடாது. குழைந்த சோற்றில் தாராளமாக ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும், பக்கத்தில் பருப்புத் துவையல் இருந்தால் போதும்.

பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டாகவும் வைக்கலாம். கொங்குப் பக்கம் பருப்போடு கடைந்து சாப்பிடுவார்கள். வாரத்தில் இரண்டு மூன்று தடவை போதுமானது.

வற்றல் வீட்டில் போட முடியுமா?

நல்ல வெயில் காலத்தில் தாராளமாக. முற்றின காயைக் காம்பு நீக்கிக் கழுவி, லேசாக நசுக்குங்கள். கெட்டியான புளித்த மோரில் உப்புப் போட்டு அதில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடித்துத் தட்டில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் வற்றும்வரை இப்படி. பிறகு கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் கேட்கிற அளவுக்குக் காய வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்ததைக் கழுவி உபயோகிக்கக் கூடாது. வறுக்கும்போது அடுப்பைத் தணித்து வையுங்கள். கருகினால் கசப்பு ஏறிக் குழம்பே வீணாகிவிடும்.

எங்கே பறிக்கக் கூடாது?

களைக்கொல்லி அடித்த வரப்பு, நெடுஞ்சாலை ஓரம், சாக்கடைக் கரை, குப்பைமேடு, பட்டறைகளுக்குப் பக்கத்து மண். களைக்கொல்லி அடித்த வயலில் செடி வாடுவதற்குச் சில நாள் ஆகும், அதுவரை பச்சையாகவே நிற்கும். அதனால் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறியுங்கள்.

சாப்பிட்ட பிறகு வாந்தி, மயக்கம் வந்தால்?

108க்குக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். சாப்பிட்ட செடியின் கிளையை இலை, பூ, காயோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, முகம் சிவந்து, ஆள் சம்பந்தமில்லாமல் பேசினால் அது ஊமத்தை மாதிரியான செடியாக இருக்கலாம். அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஒரே சட்டியில் சாப்பிட்ட மற்றவர்களையும் ஒரு நாள் கவனித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வளர்க்க முடியுமா?

இதைவிடச் சுலபமான செடி குறைவு. நன்றாகப் பழுத்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். தொட்டியில் மேலாகத் தூவி மெல்லிசாக மண் மூடினால் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். அரை நிழல் போதும். நாற்றுப் பிடுங்கி நட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு நுனியைக் கிள்ளிக் கிள்ளிக் கீரை எடுக்கலாம், பக்கக் கிளை வெடித்துக்கொண்டே இருக்கும். இலையைச் சல்லடையாக்கும் புள்ளிவண்டு வந்தால் கையால் பொறுக்கி எடுங்கள், அடியிலுள்ள மஞ்சள் முட்டைகளையும் சேர்த்து. வற்றலுக்கும் விதைக்கும் வேண்டும் என்றால் இரண்டு செடியைக் கிள்ளாமல் விடுங்கள்.